சாயாதபடி பூட்டிய படகு

நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், தம்பி. சத்தமாகப் பேச எனக்குத் தெம்பில்லை. நீங்கள் கேட்டதை ஒரு கதை போலவே சொல்லிவிடுகிறேன்.

படகைக் கட்டுவதற்கு முன்பே கணினிக்குள் மிதக்கவிட்டுப் பார்ப்பது என் வேலை. எடை கீழே இழுக்கும், தண்ணீர் மேலே தள்ளும். படகு சாயச் சாய, தண்ணீர் தள்ளும் இடமும் நகரும். அதைக் கணக்கிட முடியாமல் மென்பொருள் திணறி, பாதியில் நின்றுவிடும். அதனால் முதல் சோதனையில் படகு சாயாதபடி பூட்டிவிடுவோம். மேலும் கீழும் மட்டும் அசையும். பிறகு பூட்டைத் திறந்து, ஆட்களை ஒரு பக்கமாக நகர்த்திப் பார்ப்போம். அதுதான் வழக்கம்.

நீங்கள் கேட்கிற அந்தப் பயணிகள் படகு மட்டும் என் திரையில் பூட்டியபடியே இருந்தது. பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, உங்க படகு ஆணி அடிச்ச மாதிரி நிக்குது? ஜனங்க ஒரே பக்கமா போனாலும் இப்படியே நிக்குமா?"

"நீ உன் வேலையப் பாரும்மா, எனக்குத் தலை வலிக்குது."

உண்மையிலேயே வலித்தது.

படகு கவிழ்ந்த அன்று பெரிதாக எதுவும் நடக்கவில்லை. மழை பிடித்தது. சாரல் அடிக்காத பக்கமாக எல்லோரும் ஒதுங்கினார்கள். ஓட்டியவர் என் தங்கை கணவர். அவரும் கரை சேரவில்லை. அளவுக்கு மேல் ஆளேற்றிவிட்டார் என்று ஊரே பேசியது.

"அவரு ஒரு ஆளக்கூட கூடுதலா ஏத்த மாட்டாருக்கா. நீயாச்சும் எடுத்துச் சொல்லேன்" என்று தங்கை என் மடியில் படுத்து அழுதாள். அவள் தலையைக் கோதிக்கொண்டே இருந்தேன். போனவருக்குப் பழி வலிக்கவா போகிறது?

பூட்டைத் திறக்க மறந்துவிட்டேனா என்கிறீர்கள். இல்லை, தம்பி. ஒருமுறை திறந்தேன். திரையில் படகு மெதுவாகப் புரண்டு படுத்தது. அடிப்பாகத்தை முதலிலிருந்து வரைய வேண்டும். அவ்வளவு களைப்பு எனக்கு. மறுபடி பூட்டினேன், நேராக மிதந்தது. அந்தப் படத்தைத்தான் படகு கட்டுகிறவர்களுக்கு அனுப்பினேன்.

அதே வரைபடத்தில் கட்டிய இன்னொரு படகும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், நான் பொய் பேசுகிறவள் இல்லை. உங்கள் மனைவிக்கு அக்கரைப் பள்ளியில் வேலை என்றீர்களே, இந்நேரம் அதில்தான் போய்க்கொண்டிருப்பார். நல்லபடியாகப் போய் வரட்டும். உங்கள் வீடு ஒரு குறையும் இல்லாமல் நிறைந்திருக்கட்டும், தம்பி.