சோதனைக்கு ஒரு நம்பர்

— இன்னும் ஒரே ஒரு தடவ சோதிச்சுப் பாத்துரு பாப்பா.

— அப்பா! வாரம் பூரா இதையேதான் சொல்றீங்க. மொதல்ல ஸ்பேனரைக் கீழ வைங்க, கீபோர்டெல்லாம் கிரீஸ். இந்தப் புரோகிராமை இன்னிக்கி சர்வர்ல ஏத்திட்டா, வண்டி வேலை முடிஞ்சதும் கஸ்டமருக்கு மெசேஜ் தானா போயிரும்.

— லாரிக்காரருக்கு ‘உங்க ஸ்கூட்டர் ரெடி’ன்னு போயிட்டா?

— அதப் பாக்கத்தானே கண்டெய்னர்...

— கண்டெய்னர்னா... வாசல்ல நிக்கிற லாரி மேல...

— நக்கலா? சர்வருக்குள்ளயே தனியா ஒரு குட்டி சர்வர் மாதிரிப்பா. நினைச்சா எழுப்பலாம். உள்ள என்ன கூத்து வேணா அடிக்கலாம். அழிச்சுட்டா சுவடே இருக்காது.

— உள்ள எழுதினதெல்லாம்?

— அதோட போச்சு... ஏன் சிரிக்கிறீங்க?

— சும்மாதான். மெசேஜ் போச்சான்னு எப்படிப் பாக்குற?

— ஏதாவது எழுதி அனுப்புவேன். ‘போயிருச்சு’ன்னு வரும். நீங்கதானே சோதனைக்குன்னு ஒரு நம்பர் குடுத்தீங்க, யாரும் வச்சுக்கலன்னு.

— ஆமா. டிராயர்ல கெடக்கே என் பழைய போன், அதோட நம்பர்.

— ...அது ரிப்பேர்தானே?

— மெக்கானிக் வீட்டுல எது ரிப்பேராவே கெடக்கும்?

— அப்பா...

— கண்டெய்னரை அழிச்சா உள்ள இருக்கிறதுதான் போகும். வெளிய வந்தது வந்ததுதானே?

— ஐயோ! எல்லாத்தையும் படிச்சீங்களா?

— மொதல்ல வந்தத நாலு தடவ படிச்சேன். ‘அப்பா, எனக்கு வெளிநாட்டுல வேலை கிடைச்சிருக்கு, உங்கள எப்படி விட்டுட்டுப் போறது’... அடுத்தது ஒரே அழுகாச்சி. ‘நேரத்துக்குச் சாப்பிடுங்க, ஹெல்மெட் போடுங்க’ன்னு திட்டி ஒண்ணு வந்துச்சு பாரு, அதுதான் டாப்பு.

— நேர்ல சொல்ல வாய் வரலப்பா. அதான்... ஒத்திகை பாத்துட்டு இருந்தேன்.

— தெரியும்டா.

— தெரிஞ்சுக்கிட்டே இழுத்தடிச்சீங்களா? போக வேண்டாம்னா சொல்லுங்க, நான் போகல...

— அடி போடி! உன் பெட்டிக்குப் புதுச் சக்கரமே மாட்டி வச்சுட்டேன்.

— அப்புறம் எதுக்குத் திரும்பத் திரும்ப சோதிக்கச் சொன்னீங்க?

— ஒவ்வொரு சோதனைக்கும் எனக்கு ஒண்ணு வந்துச்சே... ஏத்திட்டா இனிமே எல்லாம் கஸ்டமருக்குத்தானே போகும்?