பத்து நிமிடம் ஊற வேண்டும்

நாயைக் குளிப்பாட்டும்போது எல்லாரும் செய்கிற தவறு அவசரம்தான். மருந்து சோப்பைத் தேய்த்த கையோடு தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். அது குறைந்தது பத்து நிமிடம் தோலில் ஊற வேண்டும். ஊறாவிட்டால் குளிப்பாட்டியதும் ஒன்றுதான், குளிப்பாட்டாததும் ஒன்றுதான். இருபத்திரண்டு வருடமாக இந்தச் செகோண்டி ஊரில் வீடு வீடாகப் போய் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காதில் வாங்கியவர்கள் குறைவு.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள், ஐயா. என் பெயர் எபோ டாண்டோ. ஒரு கால்நடை மருத்துவரிடம் உதவியாளன். நான் டாக்டர் இல்லை. ஆனால் மேடம் அராபா எஸ்ஸுமான் முதல் நாளிலிருந்தே என்னை டாக்டர் என்றுதான் கூப்பிட்டார். இரண்டொரு முறை திருத்தினேன், பிறகு விட்டுவிட்டேன். ஆசையாகக் கூப்பிடுகிறவர் வாயை எத்தனை தடவை மூடுவது?

சந்தையில் கிரீம் விற்கும் மன்சா அக்காவை நான்கு நாட்களாக உள்ளே வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் நானே வந்தேன். அவர் கலந்து விற்றது கெட்ட சரக்கு, அதில் சந்தேகமில்லை. தோலை வெளுக்க வைக்கிற மருந்தை டப்பா டப்பாவாகக் கொடுத்தார். ஆனால் மேடம் இறந்தது அதைப் பூசியதால் அல்ல. செய்யாத குற்றத்துக்கு ஒருவர் அடைபட்டுக் கிடப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. என் சுபாவம் அப்படி.

மேடம் வளர்த்த நாயிலிருந்து தொடங்குகிறேன். அதன் பெயர் சூரோ நிபா, மனிதருக்கு அஞ்சு என்று அர்த்தம். மதில் தகராறில் வழக்குப் போட்ட பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்க வேண்டும் என்றே மேடம் அந்தப் பெயரை வைத்து, காலையும் மாலையும் மதிலோரம் நின்று உரக்கக் கூப்பிடுவார். அவரும் சும்மா இருக்கவில்லை; ஒரு குட்டியை வாங்கி 'நான் அஞ்சவில்லை' என்று பெயர் வைத்தார். தெருவே சிரித்தது. நாங்கள் சூரோ என்று சுருக்கிக் கூப்பிட்டோம். பாவம், அது யாருக்கும் பகை இல்லை.

ஏழாவது வயதில் சூரோவின் இரண்டு விலாவிலும் ஒரே அளவாக முடி கொட்டியது. வயிறு பானை மாதிரி தொங்கியது. வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தது. தோல் மெலிந்து, சீப்பு பட்டாலே கிழிந்தது. பிடரியில் சுண்ணாம்புக் காரை போலக் கட்டி கட்டியாக இறுகிப்போனது. உடம்பில் ஒரு சுரப்பு மிதமிஞ்சினால் வருகிற நோய் இது. தீராது, காலம் முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் எங்கள் டாக்டர். தோலை என் பொறுப்பில் விட்டார்.

நான் கழுத்துப் பட்டையைக் கழற்றினேன். பிரஷ்ஷை எடுத்து ஒளித்துவைத்தேன். காரையைச் சுரண்டக் கூடாது, சுரண்டினால் புண் மாதக்கணக்கில் ஆறாது; வெதுவெதுப்பான ஈரத்துணி போட்டு ஊறவிட வேண்டும். மடிப்புகளை ஒற்றி எடுக்க வேண்டும், துடைக்கக் கூடாது. புதனும் ஞாயிறும் மருந்துக் குளியல். நுரை ஊறுகிற அந்தப் பத்து நிமிடம் அது தன்னையே நக்கிவிடாமல் இருக்க, அதன் தலையை என் மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வேன். அது தாடையை என் முழங்காலில் சாய்த்துப் பெருமூச்சு விடும். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே நான் வாரம் முழுவதும் வாழ்ந்தேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். எனக்கு வீட்டில் வேறு யாரும் இல்லை.

புண் ஆறும், மறு வாரமே வேறு இடத்தில் வெடிக்கும். ரத்தத்தைத் திரும்பச் சோதித்தபோது டாக்டரே குழம்பிவிட்டார். அடையாளமெல்லாம் மிகுதிக்கானவை, ரத்தத்திலோ அந்தச் சுரப்பு அடிமட்டம்.

"வெளியிலிருந்து எதுவோ உள்ள போகுது, எபோ. என்னன்னு கண்டுபிடி. கண்டுபிடிச்சா ஒரே நாள்ல நிறுத்திடாதே. உள்ள இருக்கிற சுரப்பி தூங்கிப் போயிருக்கும், முழிக்க வாரக்கணக்காகும். சட்டுன்னு நிறுத்தினா உயிர் போயிடும். அதுவரைக்கும் அதே சுரப்பை மாத்திரையா கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமா குறை."

இதை அவர் என்னிடம் தெளிவாகச் சொன்னார். எனக்கும் தெளிவாகப் புரிந்தது. இதை நீங்கள் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளலாம்.

கண்டுபிடிக்க மூன்று புதன்கிழமைகள் ஆயின. மேடம் மாலையில் கிரீமைக் குழைத்துக் கை கால் முழுக்கப் பூசிக்கொண்டு டிவி முன்னால் உட்காருவார். சூரோ அவர் காலடியில் படுத்து முழங்கையிலிருந்து விரல் வரை நக்கும். அவருக்கு அது பாசமாகத் தெரிந்தது. அதைக் கண்ட அன்றுதான் மேடத்தையும் முதல்முறை சரியாகப் பார்த்தேன். உருண்ட முகம், பருத்த வயிறு, மெலிந்த கால், தொட்ட இடமெல்லாம் ஊதா நிறக் கன்றல். கிரீமில் கலந்திருந்தது அந்தச் சுரப்புதான்; நாய்க்கும் அவருக்கும் ஒரே நோய்.

எடுத்துச் சொன்னேன். கிரீமை விட வேண்டாம், நீளக் கை வைத்த சட்டையாவது போடுங்கள் என்று கெஞ்சினேன். இரண்டு நாள் போட்டார். மூன்றாம் நாள் புழுக்கம் என்று கழற்றிவிட்டார். அடுத்த மாதம் மகள் அடுவா லண்டனிலிருந்து கல்யாணத்துக்கு வருகிறாள், வீடு நிறைய விருந்தாளிகள், இந்த நாற்றத்தோடு ஒரு நாய் வாசலில் கிடக்க முடியாது, ஊசி போட்டு முடித்துவிடுங்கள் என்றார். கென்கிச் சோளமாவு உருண்டையையும் பொரித்த மீனையும் சாப்பிட்டபடிதான் சொன்னார். கிரீமை நிறுத்தினால் நாய் பிழைக்கும் என்றேன்.

"எனக்கு இன்னொரு நாய் கிடைக்கும், டாக்டர். இன்னொரு தோல் கிடைக்குமா?"

எனக்குக் கோபம் வரவில்லை, ஐயா. அதை நான் உறுதியாகச் சொல்வேன். ஒரு தீர்மானம் வந்தது, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு வேறு விதமாகப் பேசினேன். விரல் முட்டிகள் கறுப்பதும், முகம் உப்புவதும், தொடையில் கோடு விழுவதும் அந்தக் கிரீமால்தான் என்றேன். எல்லாம் உண்மை. நிறுத்தினால் கல்யாணத்துக்குள் முகம் வடிந்துவிடும் என்றேன். அது மட்டும் கொஞ்சம் மிகை. மேடம் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு தானே டப்பாக்களைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நாயை விட்டுவைக்கலாம் என்றும் சொன்னார்.

அவர் பூசுவதை நிறுத்தினால் சூரோவுக்கும் உள்ளே போவது நின்றுவிடும் இல்லையா? அதனால் அதற்கு மாத்திரை அட்டவணை ஒன்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். பதினோரு வாரம், படிப்படியாகக் குறைப்பது. மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை முழுவதும் படித்தார். கெட்டிக்காரி. துணிக்கடையை முப்பது வருடம் தனியாக நடத்தியவர்.

"நாய்க்குக் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கிறீங்க. எனக்கு மட்டும் ஏன் ஒரே நாள்ல?"

"அது வாயில்லா ஜீவன், மேடம். உங்களுக்கு மன உறுதி இருக்கு."

அவருக்கு மகிழ்ச்சி. டாக்டரே சொல்லிவிட்டார் என்று அன்று மாலை போனில் மகளிடம் பெருமையடித்துக்கொண்டாராம்.

திங்கட்கிழமை நிறுத்தினார். புதனன்று போனபோது சோறு இறங்கவில்லை, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றார். உடம்பிலிருந்து விஷம் இறங்குகிறது, அப்படித்தான் இருக்கும் என்றேன். வெள்ளிக்கிழமை காய்ச்சல் என்று போன் செய்தார். மலேரியா மாத்திரை இருக்கிறதா என்று கேட்டேன், இருக்கிறது என்றார். பொறுத்துக்கொள்ளுங்கள், என்ன ஆனாலும் அந்தக் கிரீமைத் திரும்பத் தொடாதீர்கள் என்றேன். எந்த டாக்டரைக் கேட்டாலும் அந்தக் கிரீமைத் தொடாதே என்றுதான் சொல்வார். நான் அவர் மேல் ஒரு விரல்கூட வைத்ததில்லை.

மறு திங்கள் காலை துணி துவைக்க வந்த அம்மாள்தான் பார்த்தார். எல்லாரும் மலேரியா என்றார்கள். கல்யாணத்துக்கு வந்த அடுவா துக்கத்துக்கான கறுப்பும் சிவப்பும் உடுத்தி நின்றாள். அடக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த சாவுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், எங்கள் அன்னையை இறுதிவரை கவனித்துக்கொண்ட டாக்டர் எபோ டாண்டோவுக்கு நன்றி என்று அச்சடித்திருந்தார்கள். அதை வைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் தருகிறேன். நாயை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அடுவா கயிற்றை என் கையில் கொடுத்து அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, அது நடிப்பு இல்லை. பிறகு எதற்கோ மனம் கேட்காமல் அவள்தான் அலமாரியில் மிச்சமிருந்த டப்பாவைச் சோதனைக்கு அனுப்பி, விஷயம் மன்சா அக்காவிடம் போய் நின்றது.

சூரோ இப்போது நன்றாக இருக்கிறது. காரை உதிர்ந்துவிட்டது. விலாவில் பூனைமுடி மாதிரி புதிதாக முளைக்கிறது. அட்டவணையில் இன்னும் இரண்டு வாரம் பாக்கி. நான் இங்கே இருக்க நேர்ந்தால் தினமும் காலையில் யாராவது மாத்திரை கொடுக்க வேண்டும். தயவுசெய்து மறந்துவிடாதீர்கள், நாள் தவறினால் ஆபத்து.

அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானே எழுதிவிடுகிறேன்.

காலை பத்து மணி. மேடம் சர்ச்சுக்குப் போகாமல் சோபாவில் கிடந்தார். உதடு வெளுத்திருந்தது, பேச்சு குழறியது. நான் சூரோவுக்கு நுரை தேய்த்து, தலையை மடியில் வைத்துக்கொண்டு பின்வாசலில் உட்கார்ந்தேன். கதவு திறந்திருந்தது. டாக்டர், டாக்டர் என்று இரண்டு முறை கூப்பிட்டார். மூன்றாம் நிமிடம் அது. நடுவில் எழுந்தால் மருந்து வீணாகிவிடும் என்பதால் நான் எழவில்லை. பத்து நிமிடம் முடிந்ததும் அலசி, ஈரத்தை ஒற்றி எடுத்து, உள்ளே போனேன். அவர் கண் மட்டும் என்னைத் தொடர்ந்தது. நாடி நூலாக ஓடியது. பெரிய மருத்துவமனை கால் மணி நேரத் தூரம்.

பையைத் திறந்தேன். சூரோவின் மாத்திரை அட்டை இருந்தது, பத்தும் அப்படியே. மனிதருக்குக் கொடுப்பதும் அதே மாத்திரைதான், ஐயா. மருந்துக் கடையில் ஒரே பெட்டியிலிருந்துதான் எடுத்துத் தருவார்கள். நான் ஒன்றைப் பிரித்து, சரிபாதியாக உடைத்து, பாதியைக் கென்கி உருண்டையில் பொதித்து அவர் கண் முன்னாலேயே நாய்க்கு ஊட்டினேன். மிச்சப் பாதியைத் தாளில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மருந்தை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.