எட்ட நின்ற அம்மா

— கிட்ட வராதீங்க டாக்டரம்மா! உங்களுக்கும் ஒட்டிக்கும்.

— கிட்ட வராம கண்ணை எப்படிம்மா பாக்கறது? தாடையை இதுமேல வை. நெத்தியை முட்டு. மெஷின் கடிக்காது.

— வெளிச்சம் ஊசி மாதிரி குத்துது. அக்கா, இங்கதான இருக்க?

— இங்கதான்டி இருக்கேன். எங்க போவேன்?

— எத்தனை நாளா இப்படி?

— அஞ்சு மாசம். கண்ணுக்குள்ள மண்ணு விழுந்த மாதிரி உறுத்தல். இமையில கட்டி வரும், போகும், மறுபடி வரும். ரெண்டு வாரமா வலது கண்ணு ஒரே மூட்டமா இருக்கு. குருடாயிடுவேனா டாக்டரம்மா? ஒளிக்காம சொல்லிடுங்க.

— இரு, இரு. கன்னமும் மூக்கும் எப்பவுமே இப்படிச் செவந்துதான் இருக்குமா?

— அது இஸ்திரி சூடு. ஓட்டல் படுக்கை விரிப்பெல்லாம் தேய்க்கற வேலை எனக்கு. நாள் பூரா ஆவிதான். கூட இருக்கறவங்க 'தக்காளி'ன்னுதான் கூப்பிடுவாங்க.

— அந்தத் தக்காளிதான் கண்ணுலயும் உக்காந்திருக்கு. ரோசேசியான்னு பேரு. முகத்துத் தோல்ல வர்றது, சில பேருக்குக் கண்ணையும் பிடிச்சுக்கும். இமை ஓரத்துல எண்ணெய் சுரக்கற துவாரமெல்லாம் அடைச்சுப் போய் கண்ணு காஞ்சு செவக்கும்.

— அப்போ இது ஒட்டிக்கற கண்ணு வலி இல்லையா?

— இல்லவே இல்ல. யாருக்கும் ஒட்டாது.

— பாப்பாவுக்கு?

— எந்தப் பாப்பா?

— என் பொண்ணு. ஒண்ணரை வயசு. ஒட்டிடுமோன்னு பயந்து அக்கா வீட்டுல விட்டிருக்கேன். நாலு மாசமா தொடல டாக்டரம்மா. லீவு நாள்ல போய் ஜன்னலுக்கு வெளிய நின்னு பாத்துட்டு வந்துடுவேன்.

— அடப் பாவமே! தூக்கிக்கோ, ஆசை தீரக் கொஞ்சு. ஒண்ணும் ஆகாது.

— அக்கா! கேட்டியா? இன்னிக்கே கூட்டிட்டுப் போயிடறேன்க்கா!

— கேட்டேன்டி.

— சந்தோஷம் அப்புறம். வலது கருவிழி ஓரத்துல புண்ணு வந்திருக்கு. சின்னதுதான். ஆனா நடுவுக்கு வந்துட்டா பார்வையைக் கெடுத்துடும்.

— ஐயோ! பாப்பா முகம் தெரியாமப் போயிடுமா?

— சொன்னபடி செஞ்சா காப்பாத்திடலாம். ஒரேயடியா விரட்ட முடியாது, அடக்கி வெச்சுக்கலாம். வெதுவெதுப்பான தண்ணியில துணியைப் பிழிஞ்சு, காலையில சாயங்காலம் மூடின இமைமேல பத்து நிமிஷம் வை. அப்புறம் இமை ஓரத்தை மெல்லத் தொடைச்சு விடு.

— அழுத்தித் தேய்க்கணுமா?

— இஸ்திரியா போடற? மெல்லம்மா! மாத்திரையும் சொட்டு மருந்தும் எழுதறேன், பாதியில விட்டுடாதே. நீயா கடையில மருந்து வாங்கி ஊத்தாதே. ஆவி கூடாது, துணி மடிக்கற பக்கம் மாத்தித் தரச் சொல்லி நான் எழுதித் தரேன். மூணு நாள்ல மறுபடி வரணும்.

— வந்துடறேன்.

— முன்னாடியே வந்திருந்தா இந்தப் புண்ணே வந்திருக்காது. யார்கிட்டயும் காட்டலயா?

— காட்டினேனே! ரெண்டு மாசம் முன்னாடி இன்னொரு டாக்டர் பாத்தாரு. மறுநாள் வந்து ரிசல்ட் வாங்கிக்கச் சொன்னாரு. எனக்கு லீவு குடுக்கல, அக்காதான் போனா. அவருக்கே ஒண்ணும் புரியலையாம். பாப்பாவை மட்டும் கிட்ட சேர்க்க வேணாம்னாராம்.

— அப்படியா சொன்னாரு?

— அக்கா, நீயே சொல்லு.

— நேரமாச்சுடி, மருந்து வாங்கப் போலாம் வா.

— அக்கா, உன்னைத்தான். அவரு என்ன சொன்னாரு?

— இவங்க சொன்னதேதான்டி. ஒட்டாதுன்னும் சொன்னாரு. மருந்துச் சீட்டு இன்னும் என் பீரோவுலதான் இருக்கு. அதை உன்கிட்ட குடுக்கத்தான் கிளம்பினேன், வழியில என் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் பாப்பா ஓடி வந்து என் காலைக் கட்டிக்கிட்டு, என்னை 'அம்மா'ன்னு கூப்பிட்டா.