சாக்குக் கழிவு

காளிதாஸ்: எறங்கிட்டியா?

கஸ்பார்: எறங்கல... நிறுத்தினேன்.

காளிதாஸ்: ரெண்டு காலும் தரையில நிக்குது.

கஸ்பார்: சைக்கிள் இன்னும் என்ற கையிலதான் இருக்குது. நீ அந்த மொபெட்ட மொதல்ல அணைச்சுத் தொலை. புகை பூராவும் மூஞ்சிக்கே வருது.

காளிதாஸ்: அணைச்சாச்சு. போன வாரமும் இந்த மேட்டுல இதே புளியமரத்துக்கிட்டதான் நின்ன.

கஸ்பார்: போன வாரம் மரத்துக்கு இந்தப் பக்கம். இன்னைக்கு அந்தப் பக்கம். பத்தடி எச்சா வந்திருக்கேன்.

காளிதாஸ்: வந்திருக்க, வந்திருக்க. லாரி புக்கிங் ஆபீசுல இருவது வருசம் சேர்லயே ஒக்காந்த ஒடம்பு. ரெண்டு மாசத்துல பத்தடி வந்ததே பெருசு.

கஸ்பார்: கிண்டல் பண்ணாத... தண்ணி குடு.

காளிதாஸ்: ஒரு மொடக்கு போதும். நெறையாக் குடிச்சா வயிறு குலுங்கும்.

கஸ்பார்: குலுங்கறது தண்ணியில்லடா.

காளிதாஸ்: சிரிக்காத. சிரிச்சா இன்னும் மூச்சு வாங்கும்.

கஸ்பார்: எல்லாம் உன்ற புள்ள சைக்கிளால வந்தது. பள்ளிக்கொடத்துல பொம்பளப் புள்ளைக்குக் குடுத்த கவருமெண்ட்டு சைக்கிளு. முன்னாடி கூடை வேற. நேத்து ஒருத்தன் பைக்க நிறுத்திக் கேக்கறான், அண்ணா, பிளஸ் ஒன்ல எந்த குரூப்புன்னு.

காளிதாஸ்: நீ என்ன சொன்ன?

கஸ்பார்: பயாலஜின்னேன்.

காளிதாஸ்: நல்லாச் சொன்ன போ. தீபிகா இப்ப காலேஜு பஸ்ல போறா, அது ஊட்டுல சும்மாதான கெடந்துச்சு. நடுவுல கம்பி இல்லாத சைக்கிள்தான் உனக்கு ஆவும். கம்பி வெச்சதா இருந்தா உன்னத் தூக்கி ஒக்கார வெக்க ஆளு தேடணும்.

கஸ்பார்: உன்ற சேகோ பேக்டரியில மூட்டை தூக்கறவங்கள வரச் சொல்லு.

காளிதாஸ்: ஜவ்வரிசி மூட்டையே தொண்ணூறு கிலோதான். அதுக்கு மேலன்னா அவீங்க கூலி எச்சாக் கேப்பாங்க.

கஸ்பார்: அதுக்கு மேலன்னா என்னடா அர்த்தம்? போன ஞாயித்துக்கெழம உன்ற தராசே எம்பத்தெட்டுன்னு காட்டுச்சு.

காளிதாஸ்: ...ஆமா. ஆமா. எம்பத்தெட்டு. நான் பழைய நெனப்புல சொல்லிட்டேன்.

கஸ்பார்: சரி.

காளிதாஸ்: ஏறு. மூச்சு வந்திருச்சில்ல?

கஸ்பார்: வந்திருச்சு. முட்டிதான் வரல. சித்தெ இரு... காளி, நேத்து முறுக்குத் தின்னுட்டேன்.

காளிதாஸ்: எத்தன?

கஸ்பார்: ஆபீசுல எவனோ ஒரு பாக்கெட்டு வாங்கிட்டு வந்தான். முறுக்குக்கே பேர்போன ஆட்டையாம்பட்டிக்காரன் முறுக்கு வேணாங்கறதான்னு கேட்டான். ஒண்ண எடுத்தேன். பொறவு நிமிந்து பாத்தா பாக்கெட்டுல தூளுதான் கெடக்குது.

காளிதாஸ்: உன்ன என்ன செய்யறது!

கஸ்பார்: செருப்பால அடி. ஊட்டுல தம்பி அலெக்ஸ் அரை டம்ளர் கஞ்சி எறங்காமக் கெடக்கறான். இங்க அண்ணங்காரன் முறுக்குப் பாக்கெட்டக் காலி பண்றான். சாப்புடறப்ப அவன் நெனப்பே வரலடா. முடிச்ச பொறவுதான் வந்துச்சு.

காளிதாஸ்: பசி அப்பிடித்தான் பண்ணும். அழுவாத, ரோட்டுல ஆளு போகுது.

கஸ்பார்: வேர்வைடா.

காளிதாஸ்: வேர்வைதான். நான் ஒண்ணுஞ் சொல்லல.

கஸ்பார்: மத்தது எல்லாமே பொருந்துச்சு. அவன் பொண்டாட்டி ஜெபமலரு குடுக்கறேன்னு மொத ஆளா நின்னா, ரத்தம் சேரல. தங்கச்சிக்குச் சக்கரை இருக்குது, எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. எனக்கு ரத்தம் சேந்துச்சு, வயசு சேந்துச்சு. பாதி கல்லீரல வெட்டிக் குடுத்தாப் போதும், மிச்சம் தானா வளந்துக்கும்னாங்க. நான் மாதாவக் கும்புட்டுட்டுச் சட்டையக் கழட்டவே ஆரம்பிச்சுட்டேன்.

காளிதாஸ்: அப்பறம்தான் ஸ்கேனப் பாத்தாங்க.

கஸ்பார்: பாத்தாங்க. பூராவும் கொழுப்பு. இத வெட்டி அலெக்ஸுக்கு வெச்சா வேலை செய்யாது, எம்பத்தஞ்சு கிலோவுக்குக் கொறச்சுட்டு வாங்கன்னாங்க. அன்னைக்கு நான் தொண்ணூத்தெட்டு. தம்பிக்குக் குடுக்கறதுக்கு எங்கிட்ட இருந்தது ஒண்ணே ஒண்ணுதான், காளி. அதையும் புரோட்டாவாத் தின்னு கெடுத்து வெச்சிருக்கேன்.

காளிதாஸ்: பேசிட்டே நின்னா கொறையாது. பெடல மிதி. டீக்கடை வரைக்கும் நிக்காம வா.

கஸ்பார்: நீ முன்னால போ. பக்கத்துலயே வந்தீன்னா பேச்சுக் குடுத்துட்டே இருப்ப.

காளிதாஸ்: பேச்சுக் குடுக்காம வந்தா நீ மறுபடியும் நிப்ப.

கஸ்பார்: நிக்க மாட்டேன்.

காளிதாஸ்: இதா நின்னுட்ட.

கஸ்பார்: லாரி வந்துச்சுடா!

காளிதாஸ்: எங்க லாரி? ஒரு ஆட்டுக்குட்டி போகுது.

கஸ்பார்: போடா... இதா, கடை வந்திருச்சு. எறங்கறேன். புடிச்சுக்க.

காளிதாஸ்: உண்ணாமலை, ரெண்டு டீ போடும்மா. ஒண்ணு சக்கரையில்லாம.

உண்ணாமலை: வாங்கண்ணா. ஐயோ, என்னங்க இப்பிடி இளைச்சுப் போயிட்டீங்க!

கஸ்பார்: எல்லாருந்தான் சொல்றீங்க. என்ற பேண்ட்டு மட்டும் சொல்ல மாட்டேங்குது.

உண்ணாமலை: பேண்ட்டுக்கு என்னங்க தெரியும்? வடை சூடா இருக்குதுங்கண்ணா. ஒண்ணே ஒண்ணு...

காளிதாஸ்: அந்தத் தட்ட அக்கட்டால வை தாயி. உனக்குப் புண்ணியமாப் போவும்.

உண்ணாமலை: வெச்சுட்டேனுங்க. ஏனுங்கண்ணா, தம்பி எப்பிடிங்க இருக்காரு? நேத்துப் பொழுதோட உங்க கோயில் சாமியாரு வண்டி உங்க ஊட்டு முன்னால நின்னுச்சுங்களே. ஏதாச்சும் விசேசங்களா?

கஸ்பார்: ...செபம் பண்ண வந்தாரு.

உண்ணாமலை: நல்லதுங்க. எந்தச் சாமி கேட்டா என்னங்க? நானும் மாரியாத்தாளுக்கு வேண்டியிருக்கேனுங்க. கண்ணுல மஞ்சளு எறங்கிருச்சுன்னா பொறவு ஒண்ணுமில்லீங்க. எங்கக்கா மகனுக்கும் இப்பிடித்தான்...

கஸ்பார்: எறங்கிரும்மா. காளி, போலாம்.

காளிதாஸ்: டீ பாதி கூடக் குடிக்கல நீ.

கஸ்பார்: போதும். எட்டு மணிப் பூசைக்குப் போவணும். எடை மெசின்ல ஏறிட்டுப் போயிர்றேன்.

உண்ணாமலை: பாத்துப் போங்கண்ணா.

காளிதாஸ்: எதுக்குடா இப்பிடி வேகமா மிதிக்கற? இப்பத்தான் முட்டி வரலைன்ன.

கஸ்பார்: அந்தப் புள்ள கேட்டுட்டே இருக்கும்.

காளிதாஸ்: அக்கறையிலதான கேக்குது. பேக்டரி வந்தாச்சு, பிரேக்கப் புடி. கேட்டத் தள்ளு. இன்னைக்கு உள்ள ஒருத்தரும் இல்ல. கெழங்கு கொட்டற களத்துல சைக்கிள நிறுத்திட்டு இங்கயே நில்லு. நான் போயி மெசினப் போட்டுட்டுக் கூப்புடறேன்.

கஸ்பார்: நான் கூட வந்தா என்ன?

காளிதாஸ்: அது... சூடாவணும்.

கஸ்பார்: தராசா?

காளிதாஸ்: கரண்ட்டு மெசின்டா. உனக்கென்ன தெரியும்? நில்லு, வாரேன்.

கஸ்பார்: சரி. போட்டுட்டு வா.

காளிதாஸ்: ...ம், வா. சூடாயிருச்சு. செருப்பக் கழட்டு. சாவியெல்லாம் எடுத்து வெளிய வை.

கஸ்பார்: செபமாலை இருக்குது.

காளிதாஸ்: அது இருக்கட்டும். அத எடுக்காத. ஏறு... ஆடாம நில்லு.

கஸ்பார்: எவ்வளவு?

காளிதாஸ்: எம்பத்தேழு! நீயே பாரு, பொட்டியில செவப்பா எரியுது. போன வாரத்துக்கு ஒரு கிலோ கொறஞ்சிருக்குது.

கஸ்பார்: முறுக்குத் தின்னுமா?

காளிதாஸ்: முறுக்குல... காத்துதான இருக்குது.

கஸ்பார்: அப்பிடியா? தள்ளி நில்லு, போட்டோ எடுக்கறேன். ஞாயித்துக்கெழமையானா வெடியால இருந்தே அலெக்ஸ் போனக் கையில வெச்சுட்டுப் படுத்திருப்பான். வாராவாரம் இந்தப் போட்டோவப் பாத்தாத்தான் கஞ்சி குடிக்கறான்.

காளிதாஸ்: கஸ்பாரு...

கஸ்பார்: என்ன?

காளிதாஸ்: அனுப்பாத.

கஸ்பார்: ஏன்?

காளிதாஸ்: வர்ற செவ்வாக்கெழமை நீ கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போவணும். அங்கயும் ஏத்தி நிறுத்துவாங்க. ரெண்டு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்டா.

கஸ்பார்: சொல்லு.

காளிதாஸ்: மாவு மூட்டையெல்லாம் எடை போடறப்ப நாங்க சாக்குக்குக் கழிவு போடுவோம். வெறுஞ் சாக்க மொதல்ல மேடையில வெச்சு ஒரு பட்டன அமுத்துனா, அந்த எடைய மெசினே கழிச்சுக்கும். பொறவு மூட்டைய வெச்சா உள்ள இருக்கற சரக்கு எடைய மட்டுந்தான் காட்டும்.

கஸ்பார்: ம்.

காளிதாஸ்: உனக்கும் கழிவு போட்டேன்.

கஸ்பார்: எந்த வாரத்துல இருந்து?

காளிதாஸ்: வேணும்னாத் திட்டுடா. ரெண்டாவது வாரம் நீ ஏறி நின்னப்ப ஒரு கிலோ ஏறியிருந்துச்சு. நாள் தவறாம மிதிச்சும் ஏறியிருந்துச்சு. இந்தக் கம்பியப் புடிச்சுட்டு அழுத. இனி சைக்கிளத் தொட மாட்டேன், என்ற தம்பிய நானே சாவடிக்கறேன்னு சொன்ன. என்னால பாக்க முடியலடா. அடுத்த வாரம் நீ உள்ள வர்றதுக்கு முன்னாடி ஒரு ரெண்டு கிலோப் படிக்கல்ல மேடையில வெச்சு அமுத்திட்டேன். நீ ஏறுன... உன்ற மூஞ்சியப் பாக்கணுமே! அன்னைக்குத் திரும்பிப் போறப்ப மேட்டோட இந்தப் பக்கத்து ஏத்தத்துல நீ எறங்கவே இல்ல.

கஸ்பார்: எறங்கல. ஞாபகம் இருக்குது.

காளிதாஸ்: ஒரு வாரத்தோட விட்டுருக்கலாம். அடுத்த வாரம் ஏறுனாத் தெரிஞ்சு போயிருமேன்னு மூணு போட்டேன். பொறவு நாலு, அஞ்சு...

கஸ்பார்: இன்னைக்கு எட்டு.

காளிதாஸ்: ...எட்டுன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?

கஸ்பார்: கோயமுத்தூர்ல தொண்ணூத்தஞ்சு காட்டுச்சு.

காளிதாஸ்: கோயமுத்தூருக்கு எப்படா போன?

கஸ்பார்: புதன்கெழம. அலெக்ஸுக்குப் பேச்சு கொழற ஆரம்பிச்சுருச்சு. காரு வெச்சுக் கூட்டிட்டுப் போனோம். என்னையும் மறுபடி ஸ்கேன் எடுத்தாங்க. கொழுப்பு அப்பிடியேதான் இருக்குது.

காளிதாஸ்: ஐயோ சாமி... நாலு நாளா உள்ள வெச்சுட்டா இருந்த? எங்கிட்டச் சொல்லக் கூடாதா?

கஸ்பார்: நீ மட்டும் எங்கிட்டச் சொன்னியா?

காளிதாஸ்: நான் பாவிடா. நெசத்தச் சொல்லியிருந்தா நீ இன்னும் வேகமா மிதிச்சிருப்ப, வாயக் கட்டியிருப்ப. நாந்தான் கெடுத்துட்டேன்.

கஸ்பார்: நீ கெடுக்கல. உன்ற கழிவு இல்லாட்டி மூணாவது வாரமே சைக்கிள மூலையில சாத்தியிருப்பேன். மூணு கிலோ நெசமாவே கொறஞ்சிருக்குது பாரு. பத்தல. அவ்வளவுதான்.

காளிதாஸ்: இன்னும் ஒரு மாசம் டயம் கேளு. நான் லீவு போடறேன். வெடியாலயும் பொழுதோடயும் உங்கூடவே வாரேன். உப்பில்லாமச் சோறு தின்னுவோம், ரெண்டு பேருமே தின்னுவோம்...

கஸ்பார்: காளி.

காளிதாஸ்: கேட்டுத்தான் பாரேன்டா!

கஸ்பார்: கேட்டுட்டேன். டாக்டரு காலப் புடிச்சே கேட்டுட்டேன்.

காளிதாஸ்: ...அலெக்ஸுக்குத் தெரியுமா?

கஸ்பார்: தெரியாது. நீங்க ஊட்டுல இருங்க, அண்ணன் எடை கொறஞ்சதும் கூப்புடறோம்னு அவங்கிட்டச் சொல்லி அனுப்பிச்சாங்க. ஜெபமலருக்குத் தெரியும். இன்னைக்கு வெடியால அவதான் இந்தச் சைக்கிளத் தொடச்சுக் காத்தடிச்சு நிறுத்துனா. வாசல்ல கட்டில்ல படுத்துட்டு அவன் பாத்துட்டே இருந்தான். ரெண்டு பேரும் சிரிச்சுட்டே இருந்தோம்.

காளிதாஸ்: எல்லாந் தெரிஞ்சும் எதுக்குடா அந்த மேட்டுல அப்பிடி மூச்சு முட்ட மிதிச்ச? எம் பொய்யின்னு தெரிஞ்சும் எதுக்கு இந்த மெசின்ல ஏறுன? வேணாம், அந்த எம்பத்தேழ அவனுக்கு அனுப்பாத. பாவம்டா.

கஸ்பார்: எம்பத்தேழ அனுப்பல. நானா வாயில சொன்னா அலெக்ஸ் கண்டுபுடிச்சிருவான், உன்ற மெசினு காட்டுனாத்தான் நம்புவான்... அடுத்த ஞாயித்துக்கெழமையத் தாண்ட மாட்டான்னுட்டாங்க காளி, நேத்துச் சாமி வந்து சாவுக்கு முன்னால பூசற எண்ணெயப் பூசிட்டுப் போயிட்டாரு. இன்னும் ரெண்டு கிலோ கழிவு போடு. அண்ணன் எம்பத்தஞ்சுக்கு வந்துட்டான்னு பாத்துட்டுப் போவட்டும்.