மிச்சமான மின்சாரம்

இல்ல தம்பி, ஒயரைத் தொடாதீங்க. ஒயர் நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு முன்னாடி வந்த மகராசன் மூணு தடவையும் ஒயரைத்தான் மாத்தினாரு. மூணாவது தடவை மாத்திட்டு, இதுல பழுது இல்லம்மா, பாக்குறவர்தான் சரியாப் பாக்க மாட்டேங்கறாருன்னு சொல்லிட்டுப் போனாரு. என் வீட்டுக்காரர் உடம்புல அசையறதே அந்த ரெண்டு கண்ணுதான். அதுலயும் ஒரு குத்தம் கண்டுபிடிச்சாரு பாருங்க, அதுக்கே ஒரு மாலை வாங்கிப் போட்டிருக்கணும்.

உக்காருங்க. உள்ள அவருக்குக் கை கால் பயிற்சி கொடுக்கறவர் இருக்காரு, அரை மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் கம்ப்யூட்டர் நம்மகிட்டதான். கதவு சாத்தியிருக்கு, நாம பேசுறது கேக்காது.

என்ன வேலை பாத்தாருன்னா கேக்கறீங்க? ஏலம் விடுறவரு. மூடிப்போன ஆபீஸ், காலி பண்ணின வீடு, அங்க இருக்கற மேஜை நாற்காலி, பீரோ, எல்லாத்தையும் நின்ன இடத்துல வித்துக் கொடுப்பாரு. ஓடாத கடிகாரத்தைக் கையில தூக்கிப் பிடிச்சு, இது சத்தமே போடாத கடிகாரம், படுக்கை அறைக்கு ஏத்ததுன்னு வித்தவரு. வாங்கினவர் சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டுப் போனாரு. அப்படி ஒரு வாய். வீட்டுக்கு வந்தா அந்த வாய்க்கு ஓய்வு கொடுப்பாருன்னு நினைச்சுத்தான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன். இருபத்தி ஏழு வருஷம் ஆச்சு. ஒரு பேச்சுல நான் ஜெயிச்சதில்ல.

ரெண்டு வருஷம் முன்னாடி, காலைல பல் தேய்ச்சுக்கிட்டு இருந்தவரு அப்படியே சரிஞ்சாரு. மூளைக்குப் போற ரத்தம் அடைச்சுக்கிச்சாம். கை போச்சு, கால் போச்சு, நாக்கும் போச்சு. காது நல்லாக் கேக்கும். புத்தி முன்னைய விடக் கூர்மை, அதுக்கு வேற வேலை இல்லல்ல. கண்ணு மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகும்.

அப்புறம்தான் இந்தப் பட்டை வந்துச்சு. ஆமா, ஸ்கிரீனுக்குக் கீழ ஒட்டியிருக்கே, அந்தக் கண் கேமரா. ஸ்கிரீன்ல எழுத்தெல்லாம் வரிசையா இருக்கும். ஒரு எழுத்தை அவர் உத்துப் பாத்தா அது மேல போய் உக்காந்துக்கும். எல்லாம் சேந்ததும் மிஷின் வாசிக்கும். ரயில் எத்தனாவது மேடைக்கு வருதுன்னு சொல்லுவாங்களே, அந்தக் குரல். கோபமும் இல்ல, கொஞ்சலும் இல்ல. நீ போட்ட டீயில சக்கரை இல்லங்கறதையும், நீ இல்லன்னா நான் என்ன ஆவேன்ங்கறதையும் ஒரே மாதிரி சொல்லும்.

பழுது என்னன்னா, சொல்றேன். மத்தியானம் இவரு கொஞ்சம் கண் அசருவாரு. அஞ்சு நிமிஷம் கண் மூடியிருந்தா, கம்ப்யூட்டர் என்ன நினைக்குது, சரி, இந்தக் கேமராவை யாரும் பயன்படுத்தலை, வீணா எதுக்குக் கரண்டுன்னு அதை அணைச்சிடுது. எங்க வீட்டுல பொறுப்பா இருக்கறது அது ஒண்ணுதான். அப்புறம் இவரு முழிச்சா கேமரா முழிக்காது. அதை எழுப்பணும்னா மவுஸைத் தொடணும். மவுஸைத் தொடக் கை வேணும். கை இருந்தா எதுக்குத் தம்பி கேமரா? இதை யோசிச்சு எழுதினவரு எந்த ஊர்ல எந்த நாற்காலியில உக்காந்திருக்காரோ, அவருக்கு ரெண்டு கையும் நல்லா இருக்கட்டும்.

ரெண்டு மாசம் எங்களுக்கு இது தெரியாது. காலைல பேசுவாரு, சாயங்காலம் பேச மாட்டாரு. கோச்சுக்கிட்டாருன்னு நினைச்சோம். எங்க மக வெளியூர்ல இருக்கா, போன்ல கூப்பிட்டு, அப்பா என்கிட்ட பேசலைன்னு அழுதா. டாக்டர் வந்து பாத்துட்டு மனச்சோர்வுன்னு சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தாரு. தூக்கம் கேமராவுக்கு, மாத்திரை இவருக்கு.

கண்டுபிடிச்சது நான்தான். ஏன் சிரிக்கறீங்க? நான் சலவைக் கடையில கவுன்ட்டர்ல நிக்கறவ. சட்டைக் காலருக்குள்ள பொடி எழுத்துல தைச்சிருப்பாங்களே, இதை வெந்நீர்ல போடாதே, அதை முறுக்காதேன்னு, அதைப் படிச்சுப் படிச்சே கண்ணு பழகிப் போச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து இந்த செட்டிங்ஸ் முழுக்கத் திறந்து பாத்தேன். டிவைஸ் மேனேஜர்னு ஒண்ணு, அதுக்குள்ள யூஎஸ்பி ஹப், அதுக்குள்ள பவர்னு ஒரு பக்கம். அங்க ஒரு டிக். மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைச்சுக்கக் கம்ப்யூட்டருக்கு அனுமதின்னு போட்டிருந்துச்சு. யாரு கொடுத்தா அனுமதி? நான் கொடுக்கலை, இவரு கொடுக்கலை. வாங்கும்போதே கொடுத்தே வெச்சிருக்காங்க. டிக்கை எடுத்தேன். பவர் பிளான்ல இதே மாதிரி இன்னொண்ணு இருந்துச்சு, அதையும் எடுத்தேன். ஆமா, நீங்க இப்ப அந்தப் பக்கத்துலதான் இருக்கீங்க.

அன்னைக்கு இவரு பேசினாரு பாருங்க. மூணு மணி நேரம். ரெண்டு மாசப் பாக்கி. போன செவ்வாய்க்கிழமை கஞ்சியில உப்பு இல்ல. உன் தம்பி சொன்னது பொய். என்னை ஜன்னலுக்கு முதுகு காட்டிப் படுக்க வெச்சிருக்கே. எல்லாம் அதே ரயில் குரல்ல. நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கிட்டு அழுதுகிட்டே கேட்டேன். சந்தோஷம்தான், இல்லைன்னு சொல்லலை. ஒரு வாரம் சந்தோஷமா இருந்துச்சு.

அப்புறம் என்னவா? அப்புறம் வாய் திரும்பி வந்துடுச்சு தம்பி. இவரைத் தூக்கிப் புரட்டிப் படுக்க வைக்கணும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இல்லைன்னா முதுகுல புண்ணு வந்துடும். புரட்டினா, இப்படி இல்ல, அப்படிம்பாரு. அப்படிப் புரட்டினா, முன்னாடி இருந்ததே தேவலைம்பாரு. நான் கடைக்குப் போயிட்டு வந்து, சமைச்சு, துவைச்சு, இவரைத் துடைச்சு, உக்காரலாம்னு பாத்தா மிஷின் என் பேரைச் சொல்லும். என் இடுப்புல பட்டை கட்டிக்கிட்டு நான் தூக்கறேன், ஏலம் விடுற மாதிரி இவரு நின்ன இடத்துலயே வேலை வாங்கறாரு. படுத்த இடத்துலன்னு சொல்லணும்.

அப்பதான் இவரோட அண்ணன் ஒரு யோசனை சொன்னாரு. வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு, நியாயமான மனுஷன். பக்கத்துல ஒரு ஹோம் இருக்கு, நர்ஸ் எல்லாம் இருக்காங்க, நீயும் எத்தனை நாள் தாங்குவேன்னு கேட்டாரு. அதே மூச்சுல, தம்பியைக் கேக்காம நான் ஒண்ணும் பண்ண மாட்டேன், அவனுக்கும் ஒரு வார்த்தை இருக்குன்னாரு. பாத்தீங்களா, நியாயம்.

ஒரு சனிக்கிழமை நாலு மணிக்கு வந்தாரு. கட்டில் பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் விளக்கமா எடுத்துச் சொன்னாரு. அப்புறம், உனக்குச் சம்மதமாடான்னு கேட்டாரு. மிஷின் பேசலை. பத்து நிமிஷம் காத்திருந்தாரு. எழுத்துக் கூட்ட நேரம் ஆகும்னு அவருக்குத் தெரியும். மறுபடி கேட்டாரு. மறுபடி பத்து நிமிஷம். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். வாழ்க்கை முழுக்க இவரு சொல்லி முடிச்சு வெச்ச வார்த்தை. மூணாந்தரம் கேட்டுட்டு, கண்ணைத் துடைச்சுக்கிட்டு, வேண்டாம்னா சொல்லியிருப்பான்னு எழுந்துட்டாரு.

கேமராவா? ஆமா, அணைஞ்சுதான் இருந்துச்சு. அவரு வாத்தியார், அவருக்கு இதெல்லாம் தெரியுமா.

திங்கக்கிழமை கூட்டிட்டுப் போனாங்க. நல்ல இடம், குறை சொல்ல முடியாது. வெள்ளை விரிப்பு, பெரிய ஜன்னல், ஆளுக்கு ஒரு மணி. மணி அடிக்கத்தான் கை வேணும், அது ஒண்ணுதான். கம்ப்யூட்டரையும் கூடவே அனுப்பினோம், அவங்க அதைத் தலைமாட்டுல பூ ஜாடி மாதிரி வெச்சிருந்தாங்க. நான் தெனமும் போவேன், பக்கத்துல உக்காருவேன், வருவேன். வீட்டுல சத்தமே இல்ல. முதல் மூணு நாள் நல்லாத் தூங்கினேன். அதையும் சொல்லிடணும்ல.

பதினோராவது நாள் போறேன், படுத்திருக்கறது யாருன்னு தெரியலை. மீசையை எடுத்துட்டாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே இருக்கற மீசை, தம்பி. ஏலத்துல ஒருத்தரைச் சுட்டிக் காட்டறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை தடவிக்குவாரு. ஏன் எடுத்தீங்கன்னு கேட்டேன். ஊட்ட நேரம் ஆகுதுன்னு மூக்குல சாப்பாட்டுக் குழாய் வெச்சோம், பிளாஸ்திரி ஒட்டச் சிரமமா இருக்கும்மா, எடுக்கட்டுமான்னு அவரைக் கேட்டுத்தான் எடுத்தோம்னாங்க. என்ன சொன்னாருன்னு கேட்டேன். அவர் ஒண்ணும் சொல்லலையேம்மான்னாங்க.

நான் ஒண்ணும் சண்டை போடலை. கம்ப்யூட்டரை எடுத்து இவரு முகத்துக்கு நேரா வெச்சேன். செட்டிங்ஸ்ல போனேன், ரெண்டு டிக்கையும் மறுபடி எடுத்தேன், மவுஸை ஆட்டினேன். கேமராவுல சிவப்பு விளக்கு வந்துச்சு. என்னைத் திட்டப் போறாருன்னு நின்னேன். ரொம்ப நேரம் எழுத்துக் கூட்டினாரு. அப்புறம் மிஷின் சொல்லுச்சு.

மின்சாரம் மிச்சமாச்சா.

அவ்வளவுதான். அடுத்த நாள் காலைல குழாயை எடுக்கச் சொல்லிட்டு, வண்டி வெச்சுக் கூட்டிட்டு வந்துட்டேன். மீசை இப்ப வளந்துக்கிட்டு இருக்கு, பாதி நரை. மத்தியானத்துக்கு ஒரு நர்ஸ் வராங்க, புரட்டுற வேலை எனக்குப் பாதிதான். அவங்க அண்ணனும் இப்ப வாரத்துல ரெண்டு நாள் வந்து உக்காந்துக்கறாரு.

மின்சாரம் மிச்சமாச்சான்னு ஏன் என்கிட்ட கேக்கணும்னு பாக்கறீங்க. பாக்கறது தெரியுது. அப்டேட் வந்தா இந்த டிக் தானா விழுந்துடும், அதனாலதான் உங்களைக் கூப்பிட்டிருக்கேன்னு நினைச்சு வந்திருப்பீங்க. போன்ல அப்படித்தான் சொன்னேன். அவங்க அண்ணன்கிட்டயும், மககிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்.

அப்டேட் இல்ல தம்பி. நான்தான்.

அண்ணன் வந்த அந்தச் சனிக்கிழமை காலைல, ரெண்டு டிக்கையும் திரும்ப வெச்சேன். இவரு முகத்துக்கு முன்னாடி இருக்கற ஸ்கிரீன்தானே, அதுலதானே வைக்கணும், எல்லாத்தையும் பாத்துக்கிட்டுதான் இருந்தாரு. அவரு பேச ஆரம்பிச்சா அண்ணன் மனசு மாறிடும்னு எனக்குத் தெரியும். கண்ணாலயே ஏலம் விட்டு ஜெயிச்சிடுவாரு. நான் டிக் போட்டதும், வேண்டாம்னு ஒரு தடவை சொல்லுச்சு மிஷின். டீக்குச் சக்கரை வேண்டாம்ங்கற மாதிரி. நான் சமையல் ரூமுக்குப் போய் குழாயைத் திறந்து விட்டுட்டேன்.

அன்னைக்கு மத்தியானம் இவரு தூங்கலை. தூங்கக் கூடாதுன்னு கண்ணைத் திறந்தே வெச்சிருந்தாரு. தண்ணியா வழியுது, துடைக்கக் கை இல்ல. ரெண்டு தடவை நானே துடைச்சு விட்டேன். மூணேகாலுக்கு அசந்துட்டாரு. மூணரைக்குள்ள விளக்கு அணைஞ்சிடுச்சு. நாலு மணிக்கு அண்ணன் வந்தாரு, அவர் குரல் கேட்டு இவரு முழிச்சாரு, கேமரா முழிக்கலை.

வீட்டுக்கு வந்த பிறகு அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. எல்லாத்தையும் சொல்லிக் காட்டற மனுஷன். கஞ்சியைச் சொல்றாரு, ஜன்னலைச் சொல்றாரு, அதை மட்டும் சொல்றதில்ல. ஆனா நான் துணியால ஸ்கிரீனைத் துடைச்சாக்கூட என் கையையே பாக்கறாரு. கை ஒதுங்கற வரைக்கும் பாக்கறாரு.

அதனால நீங்க என்ன பண்ணணும்னா, ரெண்டு டிக்கையும் எடுத்தாச்சுல்ல, இந்தக் கம்ப்யூட்டர்ல என் பேரைச் சாதாரண ஆளா மாத்திடுங்க. உள்ள போய்ப் பாக்கலாம், மாத்த முடியாது, அப்படி. மாத்தணும்னா பாஸ்வேர்டு கேக்கணும். அந்தப் பாஸ்வேர்டை நீங்க வைக்காதீங்க, என்கிட்டயும் சொல்லாதீங்க, தாள்ல எழுதாதீங்க. இவரை வைக்கச் சொல்லுங்க. எட்டு எழுத்து அடிக்கறதுக்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்குவாரு, அவசரப்படுத்தாதீங்க. மிஷின் சத்தமா வாசிச்சிடப் போகுது, அந்தக் குரலை முதல்ல நிறுத்திடுங்க.

பயிற்சிக்காரர் கதவைத் திறக்கறாரு, பாருங்க. எடுத்துட்டுப் போங்க, ஒயர் தட்டாமப் பாத்து. நான் இங்க ஹால்ல இருந்தா எட்டிப் பாக்கறேனோன்னு அவருக்கு இருக்கும். கீழ போய்த் தெருவுல நிக்கறேன். முடிஞ்சதும் ஜன்னல்ல இருந்து கை காட்டுங்க, மேல வரேன்.