பத்தாவது தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றியவர்

மைசூர்த் தமிழர்களின் இந்த மாலை விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் கொர்னேலியஸ் ஐயா அவர்களே, மேல்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்து முன்வரிசையில் வீற்றிருக்கும் ஆண்டாள் அம்மையார் அவர்களே, கட்டட வேலை முடித்துக் கைச் சிமெண்டைக் கழுவிக்கொண்டு நேரே வந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே, தமிழில் திட்டினால் கன்னடத்தில் சிரிக்கும் தங்கத் தம்பி தங்கைகளே! அனைவருக்கும் இந்த ஆறுமுகசாமியின் பணிவான வணக்கம்.

பெரியவர்களைப் பாராட்டப் பெரிய மேடைகள் உண்டு. நான் இன்று பாராட்ட வந்தது இருவரை. ஒன்று, எள்ளில் பாதிகூட இல்லாத ஓர் உயிர். மற்றொருவர், நான் வேலையைவிட்டு விரட்டிய ஒரு பெண். மூன்றாம் வரிசையில் பச்சைச் சேலையில் அமர்ந்திருக்கும் கொள்ளேகால் வடிவுதான் அவர். தலையைக் குனியாதீர்கள் அம்மா. குனிய வேண்டியவன் நான்.

கடற்கரையில் சிப்பி வளர்ப்பவர்கள், நீர்வாழ் உயிர்களின் நோய்களை ஆராயும் என்னிடம் கண்ணீரோடு வந்தார்கள். சிப்பிகளின் வயிற்றுக்குள் ஓர் ஒட்டுண்ணி; கொத்துக் கொத்தாகச் சாவு. அது எப்படிப் பரவுகிறது? சிப்பி நடக்குமா? பறக்குமா? பக்கத்து வீட்டுக்கு விருந்துக்குப் போகுமா? ஒட்டி இருந்தாலே தொற்றும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அதை நிரூபிக்க எங்கள் ஆய்வுக்கூடத்தில் பத்துத் தொட்டிகள் வைத்தோம். லாரியில் கடல்நீர் கொண்டுவந்து, நோயுற்ற சிப்பிகளையும் நல்ல சிப்பிகளையும் ஒன்றாகப் போட்டோம்.

ஒன்பது தொட்டிகளில் நல்ல சிப்பிகளுக்கும் நோய் வந்தது. பத்தாவதில் ஒன்றுக்குக்கூட வரவில்லை! அந்தத் தொட்டிக்குக் குழாய் எட்டாது. வடிவுதான் வாளியில் சுமந்து ஊற்றுவார். கூப்பிட்டுக் கேட்டேன்.

"துணியில வடிகட்டித்தானுங்க சார் ஊத்துனேன். தண்ணியில என்னமோ பூச்சி துள்ளுதுங்க. வாயில்லாச் சீவனுக்கு அப்படியேவா ஊத்தறது?"

வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டியிருக்கிறார்! பத்துத் தொட்டிக்கும் ஒரே தண்ணீர் என்பதுதான் சோதனையின் விதி. மெத்தப் படித்த எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "எல்லாத்தையும் கெடுத்துட்ட! நாளையிலிருந்து வராத" என்றேன். அழக்கூட இல்லை, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். மூன்று மாதமாகிறது, இன்னும் வேறு வேலை கிடைக்கவில்லை அவருக்கு.

என்ன யுவன், "சார், ஊட்டா ரெடி"யா? சாப்பாடு எங்கும் ஓடிவிடாது தம்பி, கொஞ்சம் பொறு.

என் மாணவி ஜீவிதா மட்டும் விடவில்லை. "சார், அந்தத் துணி எதைத் தடுத்துச்சுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டாள். நுண்ணோக்கியில் பார்த்தோம். அம்மம்மா! நண்டுக்கும் இறாலுக்கும் சின்னஞ்சிறு சொந்தம். துடுப்புக்காலி என்று பெயர். ஒற்றைக் கண்! ஓயாத துடுப்பு! கண்ணாடி உடம்பு! அந்த உடம்புக்குள்ளே, சிப்பியைக் கொல்லும் அதே ஒட்டுண்ணி! துடுப்புக்காலிகளை நீக்கினோம், நோய் பரவவில்லை. திரும்ப விட்டோம், பரவியது. காலில்லாத நோய்க்குக் கால் கொடுத்தது இந்தக் கடுகுதான்.

இதைத் திட்டவா, வியக்கவா? மீன்குஞ்சுக்குச் சோறும் இதுதான், சிப்பிக்கு எமனை ஏற்றிவரும் வண்டியும் இதுதான். கெட்டிக்காரன் ஐயா, கெட்டிக்காரன்! அந்தக் கெட்டிக்காரனைக் கண்ணாடி போட்ட நாங்கள் ஆறு பேர் கண்டோமா? எங்கள் கருவிகள் கண்டனவா? வாளிக்குள் குனிந்து பார்த்தவர் வடிவு! வெறுங்கண்ணால் கண்டவர் வடிவு! வாயில்லா உயிருக்கு இரங்கியவர் வடிவு! கெட்டுப்போனதாக நான் சொன்ன அந்தத் தொட்டிதான் எங்களுக்கு உண்மையைக் காட்டியது.

ஆகவே அவையறியச் சொல்கிறேன். எங்கள் ஆய்வுக் கட்டுரையில், ஆறு பேர் பெயருக்கும் முன்னால், முதல் பெயராக வடிவின் பெயர் வரும். தட்டுங்கள் கையை, நன்றாகத் தட்டுங்கள்!

என்னம்மா, எழுந்து ஏதோ சொல்கிறீர்களே? மைக்கை அவரிடம் கொடுங்கள்.

"பேரெல்லாம் இருக்கட்டுங்க சார். நாளைக்கு வேலைக்கு வரலாமுங்களா?"

...அவையோரே, இவ்வளவு நேரம் அடுக்கடுக்காகப் பேசினேன். முதலில் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லவே இல்லை. வாருங்கள் அம்மா. காலையிலேயே வாருங்கள். நான் செய்தது தப்பு, மன்னித்துவிடுங்கள்.

பேச இடம் தந்த தலைவருக்கும், பொறுமையாகக் கேட்ட பெருமக்களுக்கும் நன்றி. மேடையில் கடைசி வணக்கம் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்வதுதான் வழக்கம். இன்று அது வடிவம்மா ஒருவருக்கு மட்டும். வணக்கம் அம்மா.