வால் முந்தக் கூடாது

ரிப்பனை மெஷினில் போடக் கூடாது, கையால்தான் அலச வேண்டும். மெஷினில் போட்டால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, பிரித்தெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சலவைக் கடை வைத்திருப்பவள் சொல்கிறேன், நம்பலாம். கடைசியாக அலசிப் போட்டவை இன்னும் கடையின் பின்னறைக் கொடியில்தான் தொங்குகின்றன. வேண்டுமானால் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. தங்கை கணவர் மலையிலிருந்து விழுந்து இறந்தார், விபத்து என்று எழுதி வழக்கை மூடியாயிற்று, இவள் எதற்கு இப்போது வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்றுதானே? யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்கு விளங்கும்.

எங்கள் பள்ளத்தாக்கில் ஓடுவதற்கு மூன்று தடங்கள் உண்டு. ஏரியைச் சுற்றி ஒன்று, அது தொப்பையைக் குறைக்க வருகிறவர்களுக்கு. பைன் காட்டுக்குள் ஒன்று, மழை பெய்தால் முழங்கால் வரை சேறு. மூன்றாவது முகட்டுத் தடம். மலையின் உச்சி விளிம்பிலேயே போகும், இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே ஓடலாம். அதை உண்டாக்கியது நான். இருபது வருஷத்துக்கு முன்னால் என் கணவர் இன்னொருத்தியோடு போய்விட்டபோது, வீட்டில் உட்கார்ந்து அழுவதற்குப் பதிலாக மேலே ஓட ஆரம்பித்தேன். புதரை வெட்டினேன். ஆடுகிற கல்லைப் பெயர்த்துவிட்டு ஆடாத கல்லை வைத்தேன். எங்கே ஈரம் தேங்கும், எங்கே காற்று தள்ளும் என்று ஒவ்வோர் அடியாகப் பழகினேன். "அக்காவுக்கு மலைதான் புகுந்த வீடு, மாமியார் தொல்லை கிடையாது" என்று தங்கை கிண்டல் செய்வாள். கிண்டலில் ஒன்றும் தப்பில்லை.

வருஷத்துக்கு ஒரு முறை அந்தத் தடத்தில் பந்தயம் நடத்துவோம். முந்தின நாளே வழி நெடுக மரக்கிளைகளில் ரிப்பன் கட்டிவிடுவோம். பந்தயத்தன்று எல்லோருக்கும் கடைசியாக ஒருவர் ஓடி வருவார், அவருக்கு 'வால்' என்று பெயர். ஓடுகிறவர்களில் கடைசி ஆளைப் பத்திரமாகக் கூட்டி வருவதும், வருகிற வழியில் ரிப்பன்களை அவிழ்ப்பதும் வாலின் வேலை. வாலுக்கு ஒரே ஒரு விதிதான், யாரையும் முந்தக் கூடாது. முந்தினால் பின்னால் வருகிறவருக்கு ரிப்பன் இருக்காது. மலையில் ஓடுகிறவர்கள் பாதையைப் பார்த்து ஓடுவதாக நீங்கள் நினைப்பீர்கள். கிடையாது. ரிப்பனைப் பார்த்துத்தான் ஓடுவார்கள், பத்து முறை ஓடிய தடமாக இருந்தாலும். ரிப்பன் கிணற்றுக்குள் போனால் அவர்களும் கூடவே போவார்கள்.

எல்லா வருஷமும் நான்தான் வால். வேறு யாரிடமும் கொடுக்க எனக்கு மனசு வராது.

இனி மாப்பிள்ளை. நல்ல மனுஷன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கைக்குத் தலைவலி என்றால் கடைக்கு வந்து அவரே கல்லாவில் உட்காருவார். ஹோட்டல் விரிப்புகளை என்னோடு சேர்ந்து மடிப்பார், மூலை பிசகாமல். குறை என்று பார்த்தால் அவருடைய தொழில்தான். இன்சூரன்ஸ் வேலை. ஓட்டக் குழுவில் அவருக்கு 'இன்சூரன்ஸ்' என்றே பெயர். எதைப் பார்த்தாலும் அதில் யார் வழுக்கி விழுவார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும். எங்கள் வீட்டுக் குளியலறைக்கு முதல் முறை வந்தபோதே தரையைத் தேய்த்துப் பார்த்தவர்.

அவர் குழுவில் சேர்ந்து மூச்சு வாங்க ஓடப் பழகியே கொஞ்ச நாள்தான் ஆகிறது. நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான். அந்தக் காளான், குழுவின் கூட்டத்தில் எழுந்து நின்று, முகட்டுத் தடம் ஆபத்தானது, இந்த வருஷத்தோடு அதை நிறுத்திவிடலாம் என்றது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூட்டம் நடந்தது என் கடையின் பின்னறையில். என் துணி மூட்டைகள் மேல் உட்கார்ந்து, நான் போட்ட டீயைக் குடித்துக்கொண்டு, எல்லோரும் கையைத் தூக்கினார்கள். என் தங்கையும் தூக்கினாள். என் முகத்தைப் பார்க்காமல் தூக்கினாள்.

நான் சண்டை போடவில்லை. சரி என்றேன். கோப்பைகளைக் கழுவி வைத்தேன்.

கடைசிப் பந்தயத்தன்று நல்ல பனிமூட்டம். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். மாப்பிள்ளை வேண்டுமென்றே கடைசியாக வந்தார், ஆபத்தான இடங்களைப் படம் எடுத்து வனத்துறைக்குக் கொடுத்துத் தடத்தையே மூடச் சொல்ல வேண்டுமாம். நான் வால், ஆகவே அவருக்குப் பின்னால் வந்தேன். சரிவு வந்தால் நிற்பார், செல்போனை நீட்டுவார். இருபது வருஷமாக நான் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய இடங்களை, ஏதோ அழுக்குத் துணியைப் பிடிப்பது போலப் பிடித்துப் பிடித்துப் படம் எடுத்தார்.

"அக்கா, இங்கல்லாம் ஒரு கம்பி போட்டிருக்கணும்" என்றார்.

"கம்பி போட்டா அதுக்குப் பேரு ஜெயிலு மாப்பிள்ளை."

சிரித்தார். பையிலிருந்து வேர்க்கடலையை எடுத்து எனக்குப் பாதி கொடுத்தார். பிறகு, கையைத் தட்டிக்கொண்டே, "கோவிச்சுக்காதீங்க. எல்லாம் உங்களுக்காகத்தான். உங்களுக்கும் வயசாகுது. தனியா வந்து எங்கயாவது விழுந்துட்டீங்கன்னா யாருக்குத் தெரியும்? உங்க தங்கச்சி தூங்கறதே இல்லக்கா. அவதான் எப்படியாவது நிறுத்துங்கன்னு சொன்னா" என்றார்.

அந்தக் கடலை வாயிலேயே நின்றுவிட்டது. எனக்கு வயசாகிறதாம். என் தடத்தில், நான் வைத்த கல்லின் மேல் நின்றுகொண்டு, நான் விழுவேன் என்கிறார். வயிறு எரிந்தது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

"நீங்க நிதானமா படம் எடுத்துட்டு வாங்க. எனக்குக் குளிருது, கொஞ்சம் முன்னாடி போறேன்" என்றேன்.

"போங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்றார்.

அப்படித்தான் முந்தினேன். போகிற போக்கில் ரிப்பன்களை அவிழ்த்தேன். பழக்கதோஷத்தில் அவிழ்த்துவிட்டேன் என்று அன்றைக்கு உங்கள் ஆட்களிடம் சொன்னேன், அவர்களும் எழுதிக்கொண்டார்கள். பாவம், வயசான பெண்மணி, அழுதுகொண்டிருக்கிறாள் என்று ஒருவர் எனக்குத் தண்ணீர்கூடக் கொடுத்தார். பழக்கதோஷம் என்பது முழுப் பொய் இல்லை. முதல் சில ரிப்பன்களுக்கு அது பொருந்தும்.

அதற்கப்புறம் தட்டைப் பாறை வரும். அங்கே வழி இரண்டாகப் பிரியும். இடது பக்கம்தான் முகட்டுத் தடம். புதருக்குள் குனிந்து இறங்குகிற ஒடுக்கமான வழி, பார்க்க லட்சணமாக இருக்காது, ஆனால் உறுதியானது. வலது பக்கம் பழைய மரவெட்டிப் பாதை. அகலமாக, ராஜபாட்டை மாதிரி வா வா என்று கூப்பிடும். கொஞ்சம் போனதும் மண்சரிவில் மலை அறுந்து கிடக்கிறது. அதனால்தான் அந்தப் பாதையின் குறுக்கே ஒரு பெரிய கிளையை எப்போதும் போட்டு வைத்திருப்பேன். குறுக்கே கிளை கிடந்தால் போகக் கூடாது என்று ஓடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கிளையைத் தூக்கி ஓரமாகப் போட்டேன். காற்று தள்ளியிருக்கும் என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. அந்தக் கிளையைத் தள்ளக் காற்றுக்கு இரண்டு கை வேண்டும்.

பிறகு இடது பக்கம் இறங்கி, புதருக்குள் கூப்பிடு தூரத்தில் நின்றேன். கிளம்பிப் போயிருக்கலாம், போகவில்லை. அவர் வருகிற சத்தம் கேட்டது. நின்றார். ரிப்பனைத் தேடியிருப்பார்.

"அக்கா, ரிப்பனைக் காணோமே. எந்தப் பக்கம்?"

மலைக்கே ஆபத்துச் சான்றிதழ் எழுத வந்தவர், பாதையைத் தன் கண்ணால் பார்க்காமல் என்னைக் கேட்கிறார். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"வலது பக்கம் மாப்பிள்ளை. நல்லா அகலமா இருக்கும். பயப்படாம ஓடி வாங்க."

"தேங்க்ஸ்க்கா" என்றார். பெற்றவர்கள் மரியாதை சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

மீதி ரிப்பன்களையும் அவிழ்த்துக்கொண்டு இறங்கினேன். ஒன்றையும் விடவில்லை. கீழே தங்கை துண்டும் பிளாஸ்க்குமாக நின்றிருந்தாள். "அவர் எங்கக்கா?" என்றாள். "படம் எடுத்துட்டு இருக்கார், வந்துருவார்" என்றேன். அவருக்கென்று கொண்டு வந்த டீயை எனக்கு ஊற்றிக் கொடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது.

அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். அவர்தான் இல்லையே, இனி யார் தடத்தை மூடச் சொல்வார்கள் என்று நினைத்தேன். அங்கேதான் என் கணக்கு பிசகியது. போன வாரம் மேலே போனால் என் தடத்தின் வாயிலில் முள்வேலி. பக்கத்தில் ஒரு பலகை, உயிர்ப்பலி வாங்கிய பாதை, நுழையாதே என்று சிவப்பு எழுத்தில். வேலிக்கு அந்தப் பக்கம் நான் வைத்த முதல் கல் தெரிகிறது, கால் வைக்க முடியவில்லை. அன்றைக்குத்தான் நான் அழுதேன். உண்மையாக அழுதேன்.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னேன். அவள் சட்டை ஒன்றை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவருடைய சட்டை, தினமும் அதையே இஸ்திரி போடுகிறாள். நிமிர்ந்து பார்க்காமல், "நான்தான்க்கா வேலி போடச் சொல்லி மனு கொடுத்தேன். அந்தப் பாழாப் போன பாதை என் புருஷனைத் தின்னுடுச்சு. உன்னையும் தின்னுட வேணாம்" என்றாள். அவள் அழுதால் தாங்கிக்கொள்வேன், தாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தத் தடத்தைப் பாழாப் போன பாதை என்றாளே, அதை என்னால் தாங்க முடியவில்லை. என் கூடப் பிறந்தவள், அதன் மேல் அபாண்டமாகப் பழி போடுகிறாள்.

அதனால்தான் வந்தேன். ஒழுங்காக எழுதுங்கள். இரண்டு பாதையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறீர்கள். அவர் விழுந்தது முகட்டுத் தடத்தில் இல்லை, பக்கத்து மரவெட்டிப் பாதையில். தானாகவும் விழவில்லை, நான் வழி சொல்லி அனுப்பினேன். கொன்றது நான். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன், எத்தனை வருஷம் உள்ளே வைத்தாலும் இருக்கிறேன், எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அந்தப் பலகையை மட்டும் இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். தங்கையிடமும் யாராவது நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். தடத்தின் மேல் தப்பில்லை என்று தெரிந்தால், பாவம், அவளுக்கும் மனசு ஆறிவிடும்.